ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தின் இணையதளம்: எல்லோரும் அழகு என்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். நான்கு பேர் வேலை செய்யும் கட்டடக்கலை அலுவலகம், ஆறு வருடமாக நடக்கிறது. இப்போதுள்ள இணையதளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வேலை கொடுக்க வந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. புதிதாகச் செய்யப் போகிறார்கள். கருப்புப் பின்னணியா வெள்ளையா, முகப்பில் வீடியோ வைக்கலாமா, எத்தனை புராஜெக்ட் போடலாம், எதில் கட்டலாம் என்று நான்கு கேள்விகள். நான்கும் நியாயமானவைதான். ஆனால் அவற்றுக்கு அடியில், எழுதாமல் விட்ட ஐந்தாவது ஒன்று இருக்கிறது: பார்க்கிறவர் ஏன் கூப்பிடுவதில்லை? அதற்கு விடை தெரிந்தால் மற்ற நான்கில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். எனவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கட்டடக்கலை படித்தவன். சில வருடம் ஓர் அலுவலகத்தில் பிளான் வரைந்துவிட்டு இணையதள வடிவமைப்புக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட்களுக்கும் இன்டீரியர் செய்பவர்களுக்கும்தான் வேலை செய்கிறேன். எல்லாம் இரண்டு பேர் முதல் இருபது பேர் வரை உள்ள சின்ன அலுவலகங்கள். டெண்டரில் வேலை பிடிக்கும் பெரிய நிறுவனங்களின் கதை வேறு, அவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. இங்கே சொல்லப்போவதில் சில அளந்து பார்க்கக்கூடியவை. சில என் கைப்பழக்கத்தில் வந்த அபிப்பிராயங்கள். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கசப்பானது. ஆர்க்கிடெக்ட்களின் இணையதளங்களில் பெரும்பாலானவை மற்ற ஆர்க்கிடெக்ட்கள் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. படிக்கும்போதே நமக்கு அது பழகிவிடுகிறது. மாணவர் வேலையை மதிப்பிட வரும் ஜூரி முன்னால் வரைபட ஷீட்டை ஒட்டிவிட்டு நிற்போம். எதிரே இருக்கும் எல்லோருக்கும் பிளான் படிக்கத் தெரியும். கட்டடத்தை நடுவே வெட்டியது போல வரைந்த ஒரு செக்ஷனைக் காட்டினால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். அந்த ஜூரி பிறகு நம் மனதை விட்டுப் போவதே இல்லை. சொந்த அலுவலகம் திறந்து இணையதளம் செய்யும்போதும் அவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு கட்டப்போகிறவரோ அந்த ஜூரியில் ஒருநாளும் உட்கார்ந்தவர் இல்லை. அவருக்கு இது வாழ்நாளில் முதல் தடவை, பெரும்பாலும் கடைசித் தடவையும்கூட. சேர்த்து வைத்ததையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கப் போகிறோமே என்ற பயத்தோடுதான் அவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். ‘வெளிச்சத்துக்கும் வெறுமைக்கும் இடையிலான உரையாடல்’ என்ற வரி அந்தப் பயத்துக்கு ஒன்றும் செய்யாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தப்பிலிருந்து. நானே செய்து கொடுத்த ஒரு தளத்தை, வீடு கட்டும் யோசனையில் இருந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தேன். கைபேசியில்தான் திறந்தார். நாங்கள் நாள்கணக்கில் மெனக்கெட்ட முகப்புப் படத்தை இரண்டு விநாடியில் தள்ளிவிட்டார். ஒரு சமையலறைப் படத்தில் மட்டும் நின்றார். பிளானை விரலால் பெரிதாக்கப் பார்த்தார், அது பெரிதாகவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, “இவங்க சின்ன வீடெல்லாம் எடுத்துப்பாங்களா?” என்று கேட்டார். அந்த அலுவலகம் செய்ததில் பாதிக்கு மேல் சின்ன வீடுகள்தான். ஆனால் பெரியவற்றை மட்டும் தளத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவன் நான். அவருக்குப் பதில் தளத்தில் எங்கேயும் இல்லை. மூடிவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தளத்தையும் ஆரம்பிக்கும் முன், வருகிறவர் மனதில் இருக்கும் கேள்விகளை எழுதிக்கொள்கிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. என் அளவுக்கு, என் மாதிரி வேலை செய்திருக்கிறார்களா? நான் யாரிடம் பேசுவேன், பெரியவரிடமா அல்லது நேற்றுச் சேர்ந்தவரிடமா? கட்டணத்தை எப்படிக் கணக்குப் போடுவார்கள்? எத்தனை நாள் ஆகும்? நான் சொல்வதைக் கேட்பார்களா, தங்கள் இஷ்டத்துக்குக் கட்டிவிடுவார்களா? கட்டும்போது வந்து பார்ப்பார்களா? இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் இப்போதைய தளம் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், கூப்பிடாததன் காரணம் பின்னணி நிறத்தில் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சின்ன அலுவலகத்தின் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் பெயரை ஏற்கெனவே கேள்விப்பட்டவர்கள். நண்பர் சொல்லியிருப்பார், நீங்கள் கட்டிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருப்பார், இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பார்த்திருப்பார். பெயரைத் தட்டித் தேடித்தான் உள்ளே வருகிறார். இது என் அனுபவக் கணக்கு. ஆனால் நான் பார்த்த எல்லா அலுவலகத்திலும் தேடல் அறிக்கையின் முதல் வரிசையில் நின்றது அலுவலகத்தின் பெயர்தான். அப்படியென்றால் உங்கள் தளத்தின் முதல் வேலை யாரையோ இழுத்துவருவது அல்ல. பாதி நம்பிக்கையோடு வந்தவரின் மீதிப் பாதியை நிரப்புவதுதான். அவருக்குப் பிரமிப்பூட்ட வேண்டிய தேவை குறைவு, பதில் சொல்ல வேண்டிய தேவை அதிகம்.

அந்தப் பதில்கள் இருக்க வேண்டிய இடம் புராஜெக்ட் பக்கம். தளம் முழுவதற்கும் நூறு மணி நேரம் இருந்தால் அறுபதை இங்கே செலவிடுங்கள் என்பேன். வழக்கமான புராஜெக்ட் பக்கம் எப்படி இருக்கும்? பன்னிரண்டு படம், ஒரு பெயர், ஒரு வருடம், முடிந்தது. படம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. பியர் கோனிக் வடிவமைத்த கேஸ் ஸ்டடி ஹவுஸ் எண் 22-ஐ நேரில் பார்த்தவர்களைவிட, ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் எடுத்த அந்த இரவுப் படத்தில் பார்த்தவர்கள்தான் மிக அதிகம். கண்ணாடி அறையில் இரண்டு பெண்கள், கீழே லாஸ் ஏஞ்சல்ஸின் விளக்குகள். ஒரு படம் ஒரு வீட்டை உலகத்துக்கே அறிமுகம் செய்ய முடியும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அது என்ன மாதிரி மனை, அதில் எதற்காகக் கண்ணாடி, உள்ளே எத்தனை அறை என்று யாராலும் சொல்ல முடியாது. புகழ் சேர்ப்பதற்கு அந்தப் படம் போதும். உங்களிடம் வருகிறவர் முடிவெடுப்பதற்குப் போதாது.

ஒரு நல்ல புராஜெக்ட் பக்கத்தில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: மனை எப்படிப்பட்டது, அதில் என்ன சிக்கல், வீட்டுக்காரர் என்ன கேட்டார், நீங்கள் எடுத்த முக்கியமான முடிவு எது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள், இப்போது அங்கே எப்படி இருக்கிறார்கள். நூற்றைம்பது முதல் முந்நூறு சொல் வரை போதும். இரண்டு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். “இயற்கையோடு இயைந்த, காலத்தை வென்ற வடிவம், இட ஒழுங்கின் புதிய மொழி.” இதைப் பத்து அலுவலகங்களின் தளத்தில் மாற்றி மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. இரண்டாவது: “மனை இருபது அடி அகலம், எழுபது அடி நீளம், இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நடுவில் வெளிச்சம் வராது என்பதால் ஒரு படுக்கையறையைச் சிறிதாக்கி, நடுவே ஒரு முற்றம் விட்டோம். அறை சிறிதாவதில் வீட்டுக்காரருக்கு முதலில் சம்மதமில்லை. அட்டையில் மாதிரி செய்து, வெயிலில் வைத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். இப்போது பகலில் விளக்கு போடுவதில்லை.” இதைப் படிப்பவருக்கு மூன்று விஷயம் தெரிந்துவிடுகிறது. இவர்கள் ஒடுக்கமான மனையில் வேலை செய்வார்கள், மறுத்துப் பேசினால் கோபிக்க மாட்டார்கள், பொறுமையாக விளக்குவார்கள். ‘நாங்கள் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்போம்’ என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அதோடு ஒரு சின்னத் தகவல் வரிசை: பரப்பளவு, எந்த ஊர், முடிந்த வருடம், உங்கள் பொறுப்பு எதுவரை, ஸ்ட்ரக்சுரல் பொறியாளர், கட்டியவர், படம் எடுத்தவர். பழைய அலுவலகத்தில் இருந்தபோது செய்த வேலையைப் போடுவதென்றால், அந்த அலுவலகத்தின் பெயரும் அதில் உங்கள் பங்கும் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கணினியில் உருவாக்கிய ரெண்டர் படத்துக்குக் கீழே அது ரெண்டர் என்றும், கட்டாமல் நின்றுபோனதற்கு நின்றுபோனது என்றும் எழுதுங்கள். இப்போதைய ரெண்டரையும் புகைப்படத்தையும் சாதாரணக் கண் பிரித்துப் பார்க்காது. கட்டி முடித்ததாக நினைத்துக்கொண்டு வந்தவருக்கு நேரில் உண்மை தெரியும்போது போகும் நம்பிக்கை திரும்பாது.

பிளானைப் போடுங்கள். ஆர்க்கிடெக்ட்கள் அல்லாதவர்களும் பிளானை ஆசையாகப் பார்ப்பார்கள் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். ஆனால் கட்டுமானத்துக்கு வரைந்த தாளை அப்படியே ஏற்றாதீர்கள். அளவுக்கோடு, ஹேட்ச் எனும் நிரப்புக்கோடுகள், கிரிட் எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சுவரைக் கெட்டியாக நிரப்பி, அறைப் பெயர்களைக் கைபேசியில் படிக்கும் அளவில் எழுதுங்கள். மெல்லிய கோடுகள் சின்னத் திரையில் காணாமல் போகும், எனவே கோட்டுத் தடிமனைக் கூட்ட வேண்டும். எஸ்விஜி (SVG) என்ற கோட்டுப்படக் கோப்பு வடிவில் வைத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. குடியிருக்கும் வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெட்டக அறை, கேமரா இருக்கும் இடம் போன்றவை பிளானில் இருக்கவே கூடாது. கைபேசியில் எடுத்த படமென்றால் அது எடுக்கப்பட்ட இடத்தின் துல்லியமான இருப்பிடம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கக்கூடும். ஏற்றும் முன் அதை அழித்துவிட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

புகைப்படம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னாலும், பல நாடுகளின் சட்டப்படி பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும், எழுத்தில் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை. இணையதளம், போட்டி, பத்திரிகை, கட்டியவரும் பயன்படுத்துவது ஆகியவற்றையெல்லாம் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது நிறம். அச்சுக்காக அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுத்த கோப்பை அப்படியே ஏற்றினால் சில திரைகளில் செங்கல் வெளிறித் தெரியும். இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி (sRGB) அமைப்புக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். அளவு: 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000-க்கு 4000 பிக்சல். திரையில் முழு அகலத்துக்கு வைக்கவே 2000 முதல் 2400 பிக்சல் அகலம் போதும், கைபேசிக்கு அதிலும் பாதி. வெப்பி (WebP) அல்லது ஏவிஃப் (AVIF) என்ற பட வடிவில் சுருக்கினால் பார்வைக்குத் தெரியாமலே கோப்பு பல மடங்கு இளைத்துவிடும். ஒரே படத்துக்கு மூன்று நான்கு அளவுகளைக் கொடுத்து, திரைக்கு ஏற்றதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும்படி செய்யும் வசதி எல்லா நவீனக் கருவிகளிலும் உண்டு. ஆட்கள் இருக்கும் படம் ஒன்றாவது இருக்கட்டும். நாற்காலியைக்கூட ஒதுக்கிவிட்டு எடுத்த வெறும் அறை நமக்குப் பிடிக்கும். குடியேறப் போகிறவருக்கு அது ஆளில்லாத வீடு.

எத்தனை புராஜெக்ட் என்று கேட்டீர்கள். பத்து, அதிகபட்சம் பதினைந்து. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் தரமாட்டேன், வெறும் அனுபவம். எண்ணிக்கையைவிடத் தேர்வுதான் பெரிது: எந்த மாதிரி வேலை இனியும் வர வேண்டுமோ அதை முன்னால் வையுங்கள். உணவகம் செய்து செய்து அலுத்துப்போன ஓர் அலுவலகம் தளத்தில் உணவகங்களையே வரிசையாகப் போட்டிருந்தது. படங்கள் பளிச்சென்று இருக்கின்றனவாம். வந்த அழைப்பெல்லாம் உணவகத்துக்குத்தான், வேறென்ன வரும்? சின்ன வேலையை ஒளிக்காதீர்கள். ஒரு பழைய வீட்டைச் சீரமைத்தது, ஒரு மாடிப்படியை மாற்றியது போன்றவை நன்றாக எழுதப்பட்டால், பெரிய வேலையைவிட அதிகம் பேரை உள்ளே கூப்பிடும்.

முகப்புப் பக்கத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒரு நல்ல படம். நீங்கள் யார், எந்த ஊரில், என்ன மாதிரி கட்டடங்கள் செய்கிறீர்கள் என்று ஒரே வாக்கியம். கீழே நான்கைந்து புராஜெக்ட். தானாக நகரும் படவரிசை வேண்டாம். முதல் படத்துக்கு அப்புறம் பெரும்பாலோர் பார்ப்பதில்லை, படித்துக்கொண்டிருக்கும்போது அது நகர்ந்து எரிச்சல் வேறு. வீடியோ வைத்தே தீர வேண்டுமென்றால் ஒலியில்லாமல், சின்னதாக, நிறுத்தும் பொத்தானோடு வையுங்கள். கைபேசியில் அதற்குப் பதில் அசையாத படம் வரட்டும்.

நிறம் உங்கள் விருப்பம். கருப்பிலும் நல்ல தளங்கள் உண்டு. ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு விருப்பம் சார்ந்தது அல்ல: அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதம் கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் வெளிர்சாம்பல், பதினோரு பிக்சல், மயிரிழை எழுத்து என்ற நம் தொழிலின் செல்லப் பழக்கம் இதில் தோற்றுவிடும். வீடு கட்டும் வயதில் இருப்பவர்களில் பலருக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழிலும் தளம் வைப்பதாக இருந்தால், ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியையே தமிழுக்கும் வைக்காதீர்கள். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்து நம்முடையது, கொஞ்சம் மூச்சுவிட இடம் கேட்கும்.

வேகம் என்பது அளந்து சொல்லக்கூடிய விஷயம், எனவே இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கூகுள் மூன்று அளவுகளைப் பார்க்கிறது. பக்கத்தின் பெரிய பகுதி, உங்களுக்கு அது பெரும்பாலும் முகப்புப் படம்தான், 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு வேண்டும். இந்த அளவை 2024 மார்ச்சில்தான் பழைய அளவுக்குப் பதிலாகச் சேர்த்தார்கள். பக்கம் ஏறும்போது உள்ளே இருப்பவை இடம் மாறிக் குதிப்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு, அது 0.1-க்குள் இருக்க வேண்டும். வருகைகளில் 75 சதவீதமாவது இந்த எல்லைக்குள் இருந்தால்தான் நல்லது என்று கணக்கு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால் இவற்றைப் பார்க்கலாம். ஆர்க்கிடெக்ட் தளங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு: எல்லாப் படங்களையும் ‘கீழே வந்தால் ஏற்று’ என்று வைக்கிறோம் என்று முகப்பின் முதல் படத்தையும் அதில் சேர்த்துவிடுவார்கள். முதல் படம் உடனே ஏற வேண்டும், அதற்குக் கீழே உள்ளவை மட்டும் காத்திருக்கலாம்.

முன்பு நம் தொழிலில் பாதித் தளங்கள் ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் இருந்தன. எண்ணிக்கொண்டே போகும் சதவீதம், பின்னணி இசை, சுட்டியைக் கொண்டுபோனால் பறந்து வரும் மெனு. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷை நிறுத்தியபோது, அதுவரை மாற்றாமல் இருந்தவை வெற்றுப் பெட்டிகளாகிவிட்டன. நானே அப்படி இரண்டு செய்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று அந்த இடத்துக்கு ஸ்க்ரோலைப் பிடித்து இழுக்கும் அனிமேஷன்கள் வந்திருக்கின்றன. டெவலப்பர் காட்டும்போது கண்ணைப் பறிக்கும். அவருடைய கணினியில் அல்லாமல், மூன்று வருடப் பழைய கைபேசியில், நடந்துகொண்டே திறந்து பாருங்கள்.

மெனுவில் சொற்கள் சாதாரணமாக இருக்கட்டும்: வேலைகள், எங்களைப் பற்றி, வேலை செய்யும் முறை, தொடர்பு. ஒரு காலத்தில் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் பிஜார்க்கே இங்கெல்ஸின் பிக் (BIG) அலுவலகத் தளம் புராஜெக்ட்களைச் சின்னச் சின்னச் சித்திரக்குறிகளாக அடுக்கிக் காட்டியது. அதைப் பார்த்துப் பலர் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு குறியும் ஏற்கெனவே பேர் பெற்ற கட்டடம். தெரிந்தவர் விளையாட்டாகத் தேடுவார். உங்கள் கட்டடத்தின் குறியைப் பார்த்து யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. படமும் பெயரும் போதும்.

‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் முகம் வேண்டும். நான்கு பேர்தானே, நான்கு பேரின் படமும் யார் எதைக் கவனிக்கிறார்கள் என்பதும். பல நாடுகளில் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது. பதிவு பெற்றவர் என்ற விவரத்தைப் போடுங்கள், விளம்பரம் பற்றி உங்கள் பதிவு மன்றத்துக்கு விதி இருந்தால் படித்துவிடுங்கள். ‘வேலை செய்யும் முறை’ என்று தனிப்பக்கம் வைப்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன்: முதல் சந்திப்பில் என்ன நடக்கும், எத்தனை தடவை மாற்றிக் கேட்கலாம், அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, கட்டும்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவீர்கள். கட்டணத்தைப் போடலாமா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. தொகையைப் போட்டால் ஒவ்வொரு வேலையும் வேறு என்பது மறைந்துவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால் கேட்கத் தயங்கியே பலர் போய்விடுவார்கள். இப்போது நான் சொல்வது நடுவழி: கட்டணம் சதவீதமா, பரப்பளவுக்கா, மொத்தமா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பங்கு, அதில் எது அடங்காது என்பதை மட்டும் எழுதுங்கள். இது எல்லா அலுவலகத்துக்கும் சரிவருமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தொடர்புப் பக்கம் சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் வேலை நழுவும் இடம் அதுதான். ஒரு அலுவலகத்தில் எட்டு மாதம் படிவம் வேலை செய்யவில்லை. அனுப்பியவருக்கு ‘நன்றி’ என்று வந்துகொண்டிருந்தது, மடல் மட்டும் அலுவலகத்துக்குப் போகவே இல்லை. உங்களுக்கு ஒருவர்கூட வரவில்லை என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான்: இன்றே வேறொரு முகவரியிலிருந்து உங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள், ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். மடல் உண்மையில் உங்களிடமிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகள் உங்கள் டொமைனில் (இணைய முகவரியில்) சரியாக இருந்தால் மடல் ஸ்பேமில் விழுவது குறையும், டெவலப்பரிடம் கேளுங்கள். படிவத்தில் நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம்: பெயர், தொடர்பு எண், மனை எங்கே, என்ன கட்ட எண்ணம். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும், படமாகப் போட்டுவிடாதீர்கள்.

தேடலைப் பொறுத்தவரை, நிச்சயமானதும் நிச்சயமில்லாததும் கலந்தே இருக்கும். படத்துக்குள் எழுதிய சொற்களைவிடப் பக்கத்தில் எழுத்தாக இருப்பவற்றைத் தேடுபொறி நன்றாகப் படிக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று விவரம் எழுத வேண்டும், கூகுள் உங்கள் தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது, இவை நிச்சயம். புதுத் தளத்துக்கு மாறும்போது பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்கு 301 திருப்பம் போட்டு இணைக்காவிட்டால், பத்திரிகைகளும் மற்றவர்களும் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும், இதுவும் நிச்சயம். ‘மூன்று மாதத்தில் முதலிடம்’ என்று யாராவது சொன்னால், அது நிச்சயமில்லாதது. மனையின் சிக்கலைச் சொல்லி எழுதிய அந்த முந்நூறு சொல்லே தேடலுக்கும் உதவும். ஒடுக்கமான மனையில் வீடு கட்டலாமா என்று தேடுபவர் ‘இட ஒழுங்கின் புதிய மொழி’ என்று தட்டப் போவதில்லை.

எதில் கட்டலாம் என்பதற்கு என் பதில் இன்னொரு கேள்வி: ஒரு புராஜெக்ட் முடிந்தால் யார் உட்கார்ந்து ஏற்றுவார்? அலுவலகத்தில் ஒருவர் யார் உதவியும் இல்லாமல் செய்ய முடிகிற கருவி எதுவோ அதுவே சரி. வேர்ட்பிரஸ் விரிவானது, ஆனால் அதன் பிளக்இன்களை, அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்களை, புதுப்பிக்காமல் விட்டால் வேண்டாதவர் உள்ளே நுழைவார். ஸ்குவேர்ஸ்பேஸ் போன்றவற்றில் அந்தத் தலைவலி இல்லை, மாதாமாதமோ வருடாவருடமோ சந்தா உண்டு, பிறகு வேறிடம் மாறுவதும் கஷ்டம். எதுவானாலும் டொமைன் பெயர் உங்கள் அலுவலகத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். செய்து கொடுத்தவர் பெயரில் பதிவாகி, அவர் தொழிலை விட்டுப் போனதால் பதினைந்து வருட முகவரியையே இழந்த ஓர் அலுவலகம் எனக்குத் தெரியும்.

புதுத் தளம் வந்த பிறகு வருகை எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதம் சில நூறு பேர் வரும் தளத்தில் இரண்டு அழைப்பு நான்கானால் இரட்டிப்பு என்று வரைபடம் காட்டும், அது தற்செயலாகவும் இருக்கலாம். அழைக்கிறவரிடம் “எங்களை எப்படித் தெரியும், தளத்தில் எதைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பது எந்த அனலிடிக்ஸையும்விட உங்கள் அளவுக்கு உபயோகம்.

டெவலப்பருக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மூன்று புராஜெக்ட்டை எடுத்து, நான் மேலே சொன்ன மாதிரி எழுதி, படமும் சுத்தம் செய்த பிளானும் சேர்த்து, சாதாரண ஆவணமாகவே ஒரு கைபேசியில் ஏற்றுங்கள். உங்கள் தொழிலைச் சேராத மூன்று பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைப் பெரிதாக்குகிறார்கள், படித்து முடித்து உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை டெவலப்பரிடம் கொடுங்கள். கருப்பா வெள்ளையா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.